மொதல்ல நான் சொல்லிடறேன்

அக்காவுக்கு என்னைவிட வயது குறைவு. கரையான்சாவடியில் அந்தத் தெரு முழுக்க அவரை அக்கா என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். பதிலுக்கு அவர் என்னை அண்ணாத்தே என்றார். இப்படி ஒருவரை ஒருவர் மூத்தவராக்கிக்கொண்டு ஒரு மழைக்காலத்தையும் அதற்கடுத்த வெயிலையும் ஓட்டினோம். அவ்வளவுதான் எங்கள் பழக்கம். ஆனாலும் நான் வேலை செய்த இடங்களைப் பற்றி யாராவது கேட்டால் அந்த மாடி அறையைத்தான் முதலில் சொல்கிறேன்.

மற்ற இடங்களைச் சொல்ல அதிகம் இல்லை. எனக்குப் பள்ளிக்கூடம் எட்டாவதோடு முடிந்தது. சென்னீர்குப்பத்தில் லாரி ஷெட்டில் டைல்ஸ் இறக்கினேன். ஆவடியில் ஒரு கேன்டீனில் பாத்திரம் கழுவி, பிறகு பரிமாறி, பிறகு சண்டை போட்டு வெளியே வந்தேன். அம்பத்தூர் ஸ்டேஷன் வாசலில் செல்போன் உறை விற்றேன். நடுவில் திருப்பூர், ஓசூர். எந்த ஊரிலும் ஒரு தீபாவளிக்கு மேல் தங்கியதில்லை. வேலையில் சேரும்போது எல்லா இடத்திலும் நல்லதை மட்டும் சொல்வார்கள். மீதியை நாமே பட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். லாரி ஷெட்டில் படுக்க இடம் உண்டு என்றார்கள். அந்த இடம் லாரிக்கு அடியில் என்று சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

அக்காவிடம் வேலை கேட்டு மாடி ஏறியபோது அவர் கம்ப்யூட்டரிலிருந்து தலையை நிமிர்த்தி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மொதல்ல நான் சொல்லிடறேன். நீ ஏறி வந்தியே, அதுல ஒரு படி ஆடும். மழ பேஞ்சா நீ ஒக்கார்ற எடத்துலதான் ஒழுவும். கீழ தம்பியோட ஷட்டர் பட்டற, நாள் பூரா தகரச் சத்தம். இன்னும் கீது, அப்பால சொல்றேன். ஓடறதுன்னா இப்பவே ஓடிடு."

நான் ஓடவில்லை. ஒரு வேலையின் குறைகளை முதலாளியே வாயால் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை.

அக்கா செய்தது இணையதளம் கட்டுகிற வேலை. பெரிய கம்பெனிகளுக்கு அல்ல. பூந்தமல்லியைச் சுற்றியிருக்கும் டிரைவிங் ஸ்கூல், பல் டாக்டர், தையல் வகுப்பு, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறை, நெடுஞ்சாலையில் ஒரு கல்யாண மண்டபம், இந்த மாதிரி ஆட்களுக்கு. எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டியதில்லை. அதற்கென்று ஆயத்தமாக ஒரு மென்பொருள் கிடைக்கிறது. அதில் பக்கங்களைச் செங்கல் போல அடுக்கிக்கொண்டே போகலாம். அதன்மேல் தேவைக்குத் தகுந்தபடி சின்ன மென்பொருள்களை ஒட்டவைக்கலாம். படம் காட்ட ஒன்று, வழி காட்ட ஒன்று, வருகிறவர்கள் பெயரும் நம்பரும் எழுதிவிட்டுப் போக ஒன்று. தொழிலில் அதை ப்ளக்-இன் என்பார்கள். மொபெட்டில் போய்க் கடைகளைப் படம் எடுப்பதும், முதலாளிகள் சொல்வதைக் கேட்டு எழுதி வருவதும் என் வேலை. நான் எழுதியதில் பிழை இருக்கும். கடைக்காரன் நேரில் பேசுகிற மாதிரியே இருக்கிறது என்று அக்கா அதைத் திருத்தி வைத்துக்கொள்வார்.

'மொதல்ல நான் சொல்லிடறேன்' என்பது அவர் வாயில் எப்போதும் இருந்தது. அதற்குப் பின்னால் நல்ல சேதி வந்ததே இல்லை. டிரைவிங் ஸ்கூல்காரர் அந்த வார்த்தையைக் கேட்டதும் கையால் துழாவி ஒரு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்துகொண்டு, உக்காந்துட்டேன், இப்போ சொல்லும்மா என்பார். பிரியாணிக் கடை பாய் ஒருவர் தனக்கும் ஒரு இணையதளம் வேண்டும் என்று தேடி வந்தார். அக்கா அவரிடம், ஒங்க அண்டா மத்தியானத்துக்குள்ள காலியாயிடுது பாய், இதுக்கு மேல கூட்டத்தக் கூப்ட்டு அவங்களுக்கு இன்னா போடப்போறீங்க என்று கேட்டு அனுப்பிவிட்டார். பாய் போகும்போது சிரித்துக்கொண்டே போனார். வந்த வேலையை விரட்டுகிறவரிடம் எத்தனை நாள் இருக்க முடியும் என்று நான்தான் கவலைப்பட்டேன்.

சிரிக்க முடியாத கதையும் உண்டு. நான் வேலைக்குச் சேர்வதற்குச் சில மாதம் முன்பு அக்காவின் தம்பிக்குப் பெண் பார்க்கப் போனார்கள். சின்ன வயதிலிருந்து பட்டறையில் தகரம் அடித்து அவருக்கு இடது காது கேட்காது. தரகர் யோசனைப்படி மாப்பிள்ளையை இடது பக்கம் சுவர் வருகிற மாதிரி உட்காரவைத்திருந்தார்கள். பேச்சு நன்றாகப் போனது. காபி வந்தது. பெண்ணின் அப்பா திருப்தியாக வாயைத் திறப்பதற்குள் அக்கா, மொதல்ல நான் சொல்லிடறேன் என்று ஆரம்பித்துவிட்டார். யோசித்துச் சொல்கிறோம் என்றவர்களிடமிருந்து அப்புறம் ஒரு சேதியும் இல்லை. அம்மா அழுதாராம். தம்பி பல மாதம் பேசவில்லை. மாடியில் அக்கா முக்கியமாகப் போன் பேசுகிறார் என்று தெரிந்தால் கீழே எந்த வேலையும் இல்லாமலே ஷட்டரை ஏற்றி இறக்குவார்.

நிச்சயம் முடிந்த பிறகு மெல்லச் சொல்லியிருக்கலாமே என்று நான் கேட்டேன். அக்கா கோபப்படவில்லை.

"அந்தப் பொண்ணு அவன் லெஃப்ட்டு பக்கம் படுத்துகினு எதுனா பேசும். பதில் வராது. நம்ம மேல கோவம் போலன்னு நெனச்சுக்கும். எத்தினி வருசம் அப்படியே நெனச்சுகினு கெடக்கும், சொல்லு."

இந்த அக்காவோடு ஒரே வீட்டில் இருப்பது கஷ்டம்தான் என்று அன்றைக்கு நினைத்தேன். இப்போதும் அதை மாற்றிச் சொல்ல மாட்டேன். நான் வேறு ஊர் போன பிறகு, அடுத்த வருடம் வேறு இடத்தில் பெண் அமைந்தது. அங்கேயும் அக்கா காது விஷயத்தைத்தான் முதலில் சொன்னாராம். அவர்கள், அதனால என்ன, எங்க பொண்ணு சத்தமாத்தான் பேசும் என்று சொல்லிவிட்டார்கள்.

கல்யாண சீசன் தொடங்குகிற நேரம். காலையில் டீயோடு மென்பொருள் எச்சரிக்கைகள் வரும் மெயிலைப் படிப்பது அக்காவின் பழக்கம். அன்று படித்துக்கொண்டே இருந்தவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். மறுபடி எடுக்கவில்லை. என்னக்கா என்றேன். எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். இணையதளத்துக்கு வருகிறவர்கள் பெயர், நம்பர் எழுதிவிட்டுப் போகிற அந்த ப்ளக்-இன்னில் ஒரு கோளாறு கண்டுபிடித்திருக்கிறார்கள். எழுதியதெல்லாம் உள்ளே பூட்டித்தான் இருக்கிறது. ஆனால் விவரம் தெரிந்த எவனும் பாஸ்வேர்டு இல்லாமலே வந்து மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போகலாம். அந்த ப்ளக்-இன்னைச் செய்தவர்கள் கோளாறை ஒப்புக்கொண்டார்கள், சரி செய்துகொண்டிருக்கிறார்கள், ஆனால் சரியானது இன்னும் வெளியே வரவில்லை. எப்போது வரும் என்று அவர்களுக்கே தெரியாது.

அக்கா எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே அச்சில்தான் வார்த்திருந்தார். முதலில் மண்டபத்துக்குச் செய்தார், பிறகு அதையே நகலெடுத்துப் பெயரையும் படத்தையும் மாற்றி மற்றவர்களுக்குக் கொடுத்தார். சின்னக் கடைகளில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். அதனால் ஒரு வீட்டில் பூட்டுக் கெட்டால் எல்லா வீட்டிலும் கெட்டது.

அம்பத்தூரில் இதே தொழில் செய்கிற ஒருவருக்குப் போன் போட்டார். அவர் சிரித்தார். அவரிடமும் அதே ப்ளக்-இன்தான் எல்லா இடத்திலும் இருந்தது. எதுக்குக் கெளப்புற, அப்டேட் வந்ததும் போட்டுட்டுப் போ, எந்த முதலாளிக்கு இதெல்லாம் தெரியப்போவுது என்றார். அக்கா, தெரியாதுன்னுதான் பயமா கீது என்று சொல்லிப் போனை வைத்தார்.

"அண்ணாத்தே, எல்லாத்துக்கும் அர ஷட்டர் போட்டுடறேன்."

தெருவில் சாவு ஊர்வலம் வந்தால் கடைக்காரர்கள் ஷட்டரைப் பாதி இறக்குவார்கள். கடை இருக்கிறது, வியாபாரம் இல்லை என்று அர்த்தம். கீழே தம்பியும் அப்படித்தான் செய்வார். அக்கா அதைத் தன் தொழிலுக்கும் வைத்திருந்தார். அந்த ப்ளக்-இன்னைப் பிடுங்கினார். மக்கள் எழுதி வைத்திருந்ததையெல்லாம் தன் கம்ப்யூட்டரில் எடுத்துக்கொண்டு அங்கே அழித்தார். ஒவ்வொரு தளத்திலும் முகப்பை மட்டும் விட்டு, ஒரு வரியும் போன் நம்பரும் போட்டார். பின்னால் வேறெந்த ப்ளக்-இன்னும் ஓடக் கூடாது என்று அலங்காரம் எதுவும் வைக்கவில்லை. வெள்ளைப் பக்கம், சுற்றிலும் மெல்லிய கறுப்புக் கோடு.

அங்கேதான் ஒரு தப்பு நடந்தது. மண்டபத்து முதலாளி தன் படம் எப்போதும் முகப்பில் இருக்க வேண்டும் என்று ஆரம்பத்திலேயே கறாராகச் சொல்லியிருந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் குங்குமம், கும்பிட்ட கை. அவசரத்தில் அக்கா அந்தப் படத்தை அப்படியே விட்டு, கீழே 'வருந்துகிறோம். சில நாட்களுக்குச் சேவை இல்லை' என்று போட்டுவிட்டார். கறுப்புக் கட்டம், கும்பிட்ட கை, வருந்துகிறோம். எங்கள் பக்கத்துச் சுவர்களைப் பார்த்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் காலை முதலாளி வாயில் பிரஷ்ஷோடு கதவைத் திறந்தபோது வாசலில் சமையல் காண்ட்ராக்ட் எடுக்கிறவர் ரோஜா மாலையோடு நின்றார். உயிரோடு நின்ற முதலாளியைப் பார்த்ததும் அவருக்கு வேட்டி அவிழாத குறை. பின்னாலேயே சம்பந்தி வீட்டிலிருந்து ஒரு கார் வந்தது, அழுதுகொண்டே இறங்கினார்கள். வாங்கிய மாலையைத் திரும்ப எடுத்துப் போவது நன்றாக இருக்காது என்று சமையல்காரர் அதை கேட்டில் மாட்டிவிட்டுப் போனாராம்.

அக்காவும் நானும் போனபோது மாலை இன்னும் அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது. முதலாளி கத்தித் தீர்க்கும் வரை அக்கா நின்றார். அந்தப் படம் என் தப்பு சார், மாத்திட்டேன் என்றார். அவரும் கொஞ்சம் ஆறினார். நான் செத்தா இவ்ளோ பேர் வருவாங்கன்னு தெரிஞ்சுபோச்சு என்று அவரே சிரித்தார். அதோடு கிளம்பி வந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். ஆனால் அக்கா போனது அதைச் சொல்வதற்கு அல்ல.

மண்டபம் பதிவு செய்கிறவர்கள் அந்த ஃபார்மில் பெண் வீட்டு முகவரி, கல்யாணத் தேதி, போன் நம்பர் எல்லாம் எழுதியிருக்கிறார்கள் என்றார். அதனால் என்ன என்று முதலாளி கேட்டார்.

"கண்ணால தேதி கீது சார். ஊட்டு அட்ரஸும் கீது. அன்னிக்கி அந்த ஊட்டுல ஒருத்தரும் இருக்க மாட்டாங்க, எல்லாரும் ஒங்க மண்டபத்துல இருப்பாங்க. திருடறவனுக்கு இதுக்கு மேல இன்னா வோணும்?"

முதலாளி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். எவனாவது எடுத்திருக்கிறானா என்று கேட்டார். வெளியாள் ஒருவன் வந்து அந்தக் கதவைத் தொட்டுப் பார்த்த தடம் இருக்கிறது, எடுத்தானா இல்லையா என்று தெரியவில்லை, தெரியாததைத் தெரியும் என்று என்னால் சொல்ல முடியாது என்றார் அக்கா. கல்யாணம் வைத்திருக்கிற வீடுகளுக்குப் போய்ச் சொல்லப்போகிறேன் என்றும் சொன்னார்.

அப்போது முதலாளி குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. நீ போய்ச் சொன்னா என் மண்டபத்துப் பேர் என்னம்மா ஆகும் என்றார். மூடினது மூடினதா இருக்கட்டும், அவங்களுக்கு எதுவும் தெரிய வேணாம். ஒரு வீட்டு வாசப்படி மிதிச்சேன்னா இதோட நமக்குள்ள வேலை இல்ல. எனக்கு மட்டும் இல்ல.

அந்தக் கடைசி வார்த்தைக்கு அர்த்தம் உண்டு. டிரைவிங் ஸ்கூல் அவருடைய மச்சானுடையது. தையல் வகுப்பு அவர் மனைவி நடத்துவது. பல் டாக்டர் அவர் சொல்லி வந்தவர். அக்காவின் கடையில் பாதிக்கு மேல் அவர் வழியாகத்தான் ஓடியது.

திரும்பும்போது அக்கா மொபெட்டின் பின்னால் உட்கார்ந்திருந்தார். கரையான்சாவடி வந்த பிறகுதான் பேசினார்.

"அட்ரஸு கேக்கச் சொல்லி அவர் சொல்லவே இல்ல அண்ணாத்தே. மண்டபத்து புக்கிங் பேப்பர்ல இருந்துச்சு, நானே அப்படியே ஏத்துனேன். வண்டிய நிறுத்தாத. நேரா போ."

நேராக முதல் வீட்டுக்குப் போனோம்.

போனில் முடித்துவிடலாம் என்று பின்னர் முயன்று பார்த்தார். முடியவில்லை. உங்கள் விவரம் வெளியே போயிருக்கலாம் என்று ஆரம்பித்தாலே வைத்துவிடுகிறார்கள். ஏமாற்றுக்காரர்கள் எல்லோரும் அதே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள். ஒருவர், அடுத்து ஓடிபி கேப்பியா என்று நக்கலாகக் கேட்டார். முகத்தைக் காட்டித்தான் சொல்ல வேண்டும் என்று ஆனது. பூந்தமல்லி, ஆவடி, அயப்பாக்கம் என்று வெயிலில் சுற்றினோம். சில வீடுகளில் திட்டினார்கள். ஒரு பெரியவர் எந்த இன்சூரன்ஸ் கம்பெனி என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு வீட்டில் கல்யாணப் பெண்ணே கதவைத் திறந்து முழுவதும் கேட்டு, தாத்தாவை வீட்டில் விட்டுப் போகிறோம், அவருக்கு மண்டபத்து ஏசி ஆகாது என்றது. எங்கே போனாலும் அக்கா பேச்சைச் சுற்றி வளைக்கவில்லை. மென்பொருள்காரன் மேலும் பழி போடவில்லை. உங்க அட்ரஸ நான்தான் கேட்டு வாங்கி வெச்சிருந்தேன், பூட்டு சரியில்ல, கல்யாணத்தன்னிக்கி ஊட்ல யாரையாவது விட்டுட்டுப் போங்க. இவ்வளவுதான்.

திருமுல்லைவாயிலில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. மதுரைப் பக்கத்திலிருந்து வந்து வேலையில் இருக்கும் குடும்பம், பெண்ணுக்குக் கல்யாணம். பெண்ணின் அப்பா எங்களை மேலே வரவிடவில்லை. வாட்ச்மேனோடு கேட்டுக்கு வந்து மொபெட் நம்பர் பிளேட்டைப் படம் எடுத்தார். போலீஸில் கொடுக்கப் போகிறேன் என்றார். எனக்குப் போலீஸ் ஸ்டேஷன் புதிதல்ல, ஆனாலும் மொபெட் சாவியைத் தேடினேன். அக்கா கடை முகவரியைச் சொன்னார். பிறகு தன் வீட்டு முகவரியையும் சொன்னார்.

"எழுதிக்கோங்க சார். ஒங்குளுது என்கிட்டேர்ந்து போயிருக்கலாம். என்னுது ஒங்ககிட்ட இருக்கட்டும்."

அவர் எழுதிக்கொள்ளவில்லை. மேலே பால்கனியில் ஒரு அம்மாள் துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

முதலாளிக்குச் சேதி போனது. சொன்னபடியே செய்தார். முதலில் மண்டபம் போனது, பின்னாலேயே டிரைவிங் ஸ்கூல், தையல் வகுப்பு. டிரைவிங் ஸ்கூல்காரர் நேரில் வந்தார். தானே ஸ்டூலை இழுத்துப்போட்டு, இப்போ நீ உக்காரும்மா, நான் சொல்றேன் என்றார். பாவம், அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. தம்பி கீழேயிருந்து வந்து எட்டிப்பார்த்து, ஒன் வாய்க்கு ஒரு ஷட்டர் செஞ்சு மாட்டவா என்று கேட்டுவிட்டுப் போனார். அப்புறம் அவரே இரண்டு டீ அனுப்பினார். சரி செய்த பதிப்பு அந்த வாரக் கடைசியில் வந்தது. மிச்சமிருந்த தளங்களுக்கு அதைப் போட்டுத் திறந்தார் அக்கா. எல்லா ஃபார்மிலும் வீட்டு முகவரி கேட்கும் கட்டத்தை எடுத்துவிட்டார். மாடியில் போன் சத்தம் குறைந்துபோனது. நான் படம் எடுக்கப் போக வேண்டிய கடைகளும் குறைந்தன. அப்படிப்பட்ட நேரங்களில் நான் வேறு ஊருக்கு பஸ் ஏறிவிடுவேன். அந்த முறை ஏறவில்லை.

ஒருநாள் அந்தப் பால்கனி அம்மாள், பெண்ணின் அம்மா அவர்தான், படியேறி வந்தார். ஆடுகிற படியில் தடுமாறி, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். பத்திரிகை வைத்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. இந்த ஊரில் தங்களுக்கு ஒரு சொந்தமும் இல்லை என்றார். மதுரையிலிருந்து வருகிற கூட்டம் பஸ்ஸை விட்டு இறங்கி நேராக மண்டபத்துக்குத்தான் போகிறது. வீட்டில் இரு என்றால் ஒருத்தரும் இருக்க மாட்டார்கள், எல்லோருக்கும் தாலி கட்டுவதைப் பார்க்க வேண்டும். சொல்லிக்கொண்டே ஒரு சாவியை எடுத்து அக்காவின் மேஜைமேல் வைத்தார்.

அக்கா சாவியைத் தொடவில்லை. நான் யாருன்னே உங்களுக்குத் தெரியாதேம்மா என்றார்.

"ஏன் தெரியாது. எங்க அட்ரஸத் தொலைச்சவ நான்தான்னு நீயே வந்து வாசல்ல நின்னு சொன்ன. அவர் அந்த விரட்டு விரட்டியும் சொல்லிட்டுத்தான போன. வேற யார நம்பி நான் சாவியக் குடுக்க?"

அக்கா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி எதையோ தட்டினார். திரையில் ஒன்றும் மாறவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி, மொதல்ல நான் சொல்லிடறேன், எனக்குத் தூக்கம் ஜாஸ்தி என்றார். அந்த அம்மாள், அப்ப பகல்லயே தூங்கிட்டு வந்துரு என்று சொல்லி இறங்கிப் போனார்.

வரவேற்பு அன்று மாலையே அக்கா அந்த வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் காலை முகூர்த்தத்துக்கு நான் மண்டபத்துக்குப் போனேன். பத்திரிகையில் என்னையும் சேர்த்துத்தான் அழைத்திருந்தார்கள். முதல் பந்தியில் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு வரும்போது முதலாளி பட்டுச் சட்டையில் வாசல் பக்கம் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த நேரம் பார்த்துப் பெண்ணின் அப்பா வந்தார். முதலாளி வழக்கமான உபசாரமாக, எல்லாம் சௌகரியமா சார், வீட்டையெல்லாம் நல்லாப் பூட்டிட்டு வந்தீங்களா என்று கேட்டார்.

"உங்க வெப்சைட்ட பாத்துக்கிட்ட அம்மாதான் வீட்டுல இருக்காங்க. நான் கூட அன்னைக்குத் தப்பாப் பேசிட்டேன். அவங்க இருக்கிறதாலதான் இங்க நிம்மதியா நிக்கிறேன்."

முதலாளி தலையை ஆட்டினார். கொஞ்சம் தள்ளிப் போய் யாரோ ஒரு பெரிய மனிதரிடம், நம்ம மண்டபத்துல கல்யாணம்னா ஊட்டுக்குக் காவலுக்கு ஆள் அனுப்பறோம் சார் என்று அவர் சொல்வது என் காதில் விழுந்தது. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு செருப்பைத் தேடினேன். முதுகைத் தட்டியது யார் என்று பார்த்தால் முதலாளிதான். கையில் ஒரு பெரிய பார்சல்.

"அந்தம்மாவுக்கு எட்த்துகினு போ. பாயசம் தனியாக் கட்டியிருக்கு, சாய்ச்சுடாத."

விட்டுப் போன வேலையை அவர் திருப்பித் தரவில்லை. நான் அங்கே இருந்தவரை தரவில்லை. பார்சல் கொடுத்தார், அதையும் சொல்ல வேண்டும்.

திருமுல்லைவாயிலில் வாட்ச்மேன் என்னை அடையாளம் தெரிந்துகொண்டு மேலே விட்டார். பெல்லை அடித்தேன். கதவில் இருந்த கண்ணாடித் துளை இருண்டது.

"யாரு?"

"நான்தான்க்கா. சாப்பாடு எட்த்துகினு வந்தேன்."

"வாசல்ல வையி."

"சூடா கீதுக்கா. கதவத் தெற."

"தெறக்க மாட்டேன் அண்ணாத்தே. ஊட்டுக்காரங்க வந்தாத்தான் தெறப்பேன். சாவி குட்த்தது எனக்கு. ஒனக்கு இல்ல."

என்னையே சந்தேகப்படுகிறீர்களா என்று கேட்டேன். உன்னை இல்லை, யாருக்கும் திறக்க மாட்டேன் என்று அந்த அம்மாளிடம் சொல்லியிருக்கிறேன், நீயும் யாரோதான் என்றார். காலையில் பக்கத்து வீட்டில் காபி கொடுத்தார்களாம், அதற்கும் திறக்கவில்லையாம். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து பிஸ்கட்தான். யார் கொடுத்தனுப்பியது என்று கேட்டார். சொன்னேன்.

"பாயசம் கீதா?"

"கீது. தனியா கட்டி கீது."

கதவுக்கு அந்தப் பக்கம் தரையில் உட்காருகிற ஓசை கேட்டது.

"ஆறட்டும், பரவால்ல" என்றார்.

நானும் இந்தப் பக்கம் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டேன். பார்சல் மடியில் சுட்டது. அவர்கள் வர இன்னும் நேரமாகும் என்று எனக்குத் தெரியும், மாப்பிள்ளை வீட்டார் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேல் மாடியிலிருந்து ஒரு பெண்மணி கீரைக் கூடையோடு இறங்கி வந்தார். என்னையும் என் அழுக்கு வேட்டியையும் பார்த்து நின்றார். யாருங்க நீங்க, இங்க என்ன உக்காந்திருக்கீங்க என்று கேட்டார்.

உள்ளே ஒருத்தர் கீறாங்களே, அவங்ககிட்ட வேலை செய்யறேன் என்றேன். அதுவரை நான் பார்த்த எந்த வேலையையும் அவ்வளவு சத்தமாகச் சொன்னதில்லை.